விட்டுக்கொடுக்கும் இணைப்புகள்

1986 அக்டோபரில், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் அதன் அருகிலேயே இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்துக்கும் இடையே இணையம் கிட்டத்தட்ட நின்றுபோனது. இரண்டுக்கும் நடுவே நானூறு கஜம்தான் தூரம். வினாடிக்கு 32,000 பிட் போய்க்கொண்டிருந்த பாதையில் 40 பிட் போனது. 40 பிட் என்றால் ஐந்து ஆங்கில எழுத்து. தட்டச்சு பழகியவர் கையால் அதைவிட வேகமாக அடித்துவிடுவார்.

எந்தக் கேபிளும் அறுந்திருக்கவில்லை. எந்தக் கணினியும் பழுதாகவில்லை. ஒவ்வொரு கணினியும் தனக்குச் சொல்லப்பட்ட விதிப்படியே நடந்துகொண்டது: பாக்கெட்டை, அதாவது தகவலின் சிறு பொட்டலத்தை, அனுப்பு, 'வந்து சேர்ந்தது' என்ற பதில் குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் மறுபடி அனுப்பு. போக்குவரத்து கூடியதும் வரிசை நீண்டது. வரிசை நீண்டதும் பதில்கள் தாமதமாயின. பதில் தாமதமானதும் எல்லாக் கணினிகளும் மறுபடி அனுப்பின. கடைசியில் பாதையில் பெரும்பாலும் அதே பாக்கெட்டுகளின் நகல்கள்தான் ஓடிக்கொண்டிருந்தன. தனித்தனியாக எல்லோரும் ஒழுங்கு. மொத்தமாகப் பார்த்தால் முடக்கம்.

வான் ஜேக்கப்சன், மைக்கேல் கேரல்ஸோடு சேர்ந்து கண்ட தீர்வு 1988-ல் கட்டுரையாக வந்தது. அதில் முக்கியமான யோசனை இரண்டு வரியில் அடங்கும். பாக்கெட் தொலைந்தது தெரிந்தால், நெரிசல் என்று எடுத்துக்கொண்டு அனுப்பும் அளவைச் சட்டென்று பாதியாகக் குறை. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொள். மேலிருந்து உத்தரவு போட அங்கே யாரும் இல்லை. யார் யார் எவ்வளவு அனுப்புகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு கணினியும் தன் இழப்பை மட்டும் பார்த்துத் தானாகப் பின்வாங்குகிறது. வடிவங்கள் எவ்வளவோ மாறிவிட்டன. ஆனால் இந்தப் பழக்கம் இல்லாமல் இன்றைய இணையம் ஒரு நாள்கூடத் தாங்காது.

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இது சரித்திரக் கதையே அல்ல. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு டேட்டாபேஸ் சற்று மெதுவானதும், அதைக் கூப்பிடும் சேவைகள் எல்லாம் டைம் அவுட் ஆகி மறுபடி கூப்பிட, அவற்றைக் கூப்பிடும் சேவைகளும் மறுபடி கூப்பிட, ஒரு கோரிக்கை இருபத்தேழாகப் பெருகிக் கீழே இறங்கியது. மூன்று அடுக்கு, அடுக்குக்கு மூன்று முயற்சி, கணக்கு அவ்வளவுதான். டேட்டாபேஸ் எப்போதோ சரியாகிவிட்டது. வந்து குவிந்த மறுமுயற்சிகள்தான் அதை எழுந்திருக்க விடவில்லை. பெரிய வலைப்பின்னல்கள் எப்படி வளர்கின்றன, எப்படி நிற்கின்றன என்று படிக்கத் தொடங்கியது இந்த மாதிரி இரவுகளுக்குப் பிறகுதான். படித்ததில் எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் வளர்ச்சி. 1959-60 வாக்கில் பால் எர்டோஷும் ஆல்ஃபிரெட் ரென்யியும் ஒரு கேள்வி கேட்டார்கள்: நிறையக் கணுக்களை, அதாவது வலையின் புள்ளிகளை, வைத்துக்கொண்டு, கண்ணை மூடி இரண்டிரண்டாக இணைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் சின்னச் சின்னத் துண்டுகளாகவே இருக்கும். சராசரியாக ஒரு கணுவுக்கு ஓர் இணைப்பு என்ற எல்லையைத் தாண்டியதும், மொத்தத்தில் கணிசமான பங்கை விழுங்கிய ஒரே பெரும் துண்டு திடீரென்று எழும்பும். படிப்படியாகச் சேர்த்ததற்குப் படிப்படியான விளைவு இல்லை. பின்னால் வந்த எல்லாவற்றிலும் இந்தக் குணம் இருக்கிறது: இணைப்பு மெல்லக் கூடும், மொத்தத்தின் போக்கு சட்டென்று மாறும்.

நிஜ உலகில் யாரும் கண்ணை மூடி இணைப்பதில்லை. 1965-ல் டெரெக் டி சொல்லா ப்ரைஸ் அறிவியல் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுவதை ஒரு வலைப்பின்னலாகப் பார்த்தார். ஏற்கெனவே நிறைய மேற்கோள் பெற்ற கட்டுரைக்கே மேலும் மேற்கோள் சேர்கிறது என்பதை 1976-ல் கணித வடிவில் எழுதினார். 1999-ல் அல்பெர்ட்-லாஸ்லோ பரபாசியும் ரேகா ஆல்பெர்ட்டும் ஏறக்குறைய இதே கருத்தைப் பொதுவான வளர்ச்சி விதியாக முன்வைத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. புதிதாக வரும் கணு, ஏற்கெனவே அதிக இணைப்புள்ள கணுவோடு ஒட்டிக்கொள்ளவே பார்க்கும். உள்ளவனுக்கே மேலும் சேரும். விளைவு, விரல்விட்டு எண்ணத்தக்க சில மையங்களும் எண்ணற்ற சிறு கணுக்களும். அடுத்த ஆண்டே அவர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: இப்படி வளர்ந்த வலையில் ஏனோதானோவென்று கணுக்கள் உதிர்ந்தால் பாதிப்பு தெரியாது, மையங்களைக் குறிவைத்து அடித்தால் சிதறிவிடும்.

இந்தக் கதை மிகவும் அழகானது. அழகாக இருந்ததால் கொஞ்சம் அதிகமாகவே பரவிவிட்டது என்பது என் எண்ணம். 2019-ல் அன்னா பிராய்டோவும் ஆரன் கிளாசெட்டும் ஏறத்தாழ ஆயிரம் நிஜ வலைப்பின்னல்களின் தரவை எடுத்துச் சோதித்தபோது, கறாரான அர்த்தத்தில் அந்த வடிவத்துக்கு வலுவான சான்று இருந்தவை நூற்றுக்கு நான்குதான். அதற்கும் முன்பே, 2005-ல், ஜான் டாயிலும் உடன் ஆய்வாளர்களும் இணையத்தின் ரவுட்டர் (பாக்கெட்டுகளை வழிபார்த்து அனுப்பும் கருவி) மட்டத்துக்கு இறங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்னும் பிடிக்கும். ஒரு ரவுட்டர் தாங்கும் மொத்தப் போக்குவரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. ஆயிரம் மெல்லிய இணைப்பு வேண்டுமென்றால் அது விளிம்பில், பயனாளர்கள் வந்து சேரும் இடத்தில்தான் முடியும். நடுவே இருக்கும் அதிவேக ரவுட்டர்களுக்கு இணைப்பு குறைவு, ஒவ்வொன்றும் தடிமன். ஆக, அதிக இணைப்புள்ள ரவுட்டர் ஒன்றைத் தூக்கினால் அதோடு தொங்கியவர்கள் துண்டிக்கப்படுவார்கள், இணையம் நிற்காது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் இரண்டு வலைகள், உள்ளமைப்பில் ஒன்று நொறுங்கக்கூடியது, இன்னொன்று தாங்கக்கூடியது. பொறியாளர்கள் விலையும் வேகமும் பார்த்துக் கட்டியதை, தானாக முளைத்ததுபோல் எண்ணியதில் வந்த குழப்பம் இது.

உயிரினங்களில் வளர்ச்சி வேறு வழியில் நடக்கிறது. 1970-ல் சுசுமு ஓனோ வலியுறுத்தியபடி, புது மரபணு பெரும்பாலும் பழைய மரபணுவின் நகலாகவே பிறக்கிறது. நகல் எடுக்கப்பட்ட மரபணு, மூலத்துக்கு இருந்த இணைப்புகளையும் சேர்த்தே சுமந்து வருகிறது. ஒன்று வேலையைப் பார்த்துக்கொள்ள, மற்றது திரிந்து மாறலாம். பழைய இணைப்புகளை இழக்கலாம், புதியவற்றைப் பிடிக்கலாம். ஈஸ்டின் மூதாதை ஒன்றில் ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் மொத்த மரபணுத் தொகுதியே இரட்டித்திருக்கிறது. கூடுதலாகக் கிடைத்தவற்றில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. மிஞ்சியது இன்றும் அதன் வலையில் பின்னிக் கிடக்கிறது.

ஈஸ்டில் சுமார் 6,000 மரபணுக்கள். அவற்றை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தார்கள். நல்ல ஊட்டமுள்ள கரைசலில் வளர்க்கும்போது, நீக்கினால் செத்துப்போகும் அளவுக்கு அவசியமானவை ஐந்தில் ஒரு பங்குதான். மீதி நான்கு பங்கும் வெட்டிச் சுமையா? அப்படித்தான் தோன்றும். 2008-ல் வந்த ஆய்வு ஒன்றில் அதே நீக்கங்களை நூற்றுக்கணக்கான வேதிப்பொருட்களுக்கும் மாறுபட்ட சூழல்களுக்கும் நடுவே சோதித்தார்கள். ஏதாவது ஒரு சூழலிலாவது வளர்ச்சியில் வித்தியாசம் காட்டியவை 97 சதவீதம். சௌகரியமான நாளில் உபரி போலத் தெரிவதெல்லாம் அசௌகரியமான நாளுக்கு வேலை வைத்திருக்கிறது. 'பயன்படாத' திறனை வெட்டிச் செலவைக் குறைக்கச் சொல்லும் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு இந்த எண்ணை நான் சிபாரிசு செய்வேன்.

இனி நிலைத்தன்மை. இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது.

1950-களில் சூழலியலாளர்கள் நம்பியது இதுதான்: இனங்கள் கூடக் கூட, இணைப்புகள் கூடக் கூட, காடோ குளமோ உறுதியாகும். ராபர்ட் மெக்ஆர்தரும் சார்லஸ் எல்டனும் இதற்கு வாதங்கள் வைத்தார்கள். ஒரு வழி அடைபட்டால் மறு வழி இருக்கும் என்பது கேட்கவே நியாயமாக இருக்கிறது. இயற்பியலிலிருந்து சூழலியலுக்கு வந்த ராபர்ட் மே, 1972-ல் ஒரு சின்னக் கட்டுரையில் இதைத் தலைகீழாக்கினார். S இனங்கள், அவற்றுள் எந்த இரண்டும் இணைந்திருக்க C அளவு வாய்ப்பு, இணைப்பின் சராசரி வலிமை (கூட்டலா கழித்தலா என்று பாராமல் அளவு மட்டும்) சிக்மா. தன்னைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் அளவை ஒன்று என வைத்தால், சிக்மாவை S, C இரண்டின் பெருக்கலுக்கான வர்க்கமூலத்தால் பெருக்கி வருவது ஒன்றுக்குக் கீழே இருக்கவேண்டும். தாண்டினால் சின்ன அசைவும் பெருகிக்கொண்டே போகும். இனம் கூடினாலும் ஆபத்து, இணைப்பு கூடினாலும் ஆபத்து, வலிமை கூடினால் இன்னும் ஆபத்து.

இதைக் கையால் செய்து பார்க்கலாம். பைத்தானில் பத்து வரி போதும். நூறு இனம், பத்தில் ஒரு பங்கு இணைப்பு என்று ஒரு மேட்ரிக்ஸ், அதாவது எண்களின் கட்டம். மூலைவிட்டம் முழுக்க மைனஸ் ஒன்று. மற்ற இடங்களில் பூஜ்ஜியம், அல்லது சராசரி பூஜ்ஜியமும் பரவல் சிக்மாவும் உள்ள ஏதோ ஓர் எண். ஐகன் மதிப்புகளை (அசைவு அடங்குமா பெருகுமா என்று காட்டும் எண்களை) கேட்டு, அவற்றுள் மெய்ப்பகுதி மிகப் பெரிதானதைப் பார்க்கவேண்டும். நெகட்டிவ் என்றால் அசைவு அடங்கும், பாசிட்டிவ் என்றால் வெடிக்கும். S, C பெருக்கல் பத்து, வர்க்கமூலம் 3.16, ஆக சிக்மா 0.316-ல் எல்லை விழவேண்டும். 0.25-ல் மேட்ரிக்ஸை எத்தனை தரம் புதிதாக உருட்டினாலும் பெரும்பாலும் அடங்குகிறது. 0.4-ல் வெடிக்கிறது. ஐகன் மதிப்புகளைப் புள்ளிகளாக வரைந்தால் மைனஸ் ஒன்றை மையமாக வைத்து ஒரு வட்டத்தட்டு. சிக்மாவைக் கூட்டக் கூட அது உப்பிக்கொண்டே வந்து பூஜ்ஜியக் கோட்டைத் தொடுவதைப் பார்ப்பது ஒரு தனி சுகம்.

அதன் பிறகு செய்யவேண்டிய ஆட்டம் ஒன்று உண்டு. ஸ்டெஃபானோ அலெசினாவும் சி டாங்கும் 2012-ல் செய்த மாற்றம் அது. இணைப்புகளை இஷ்டத்துக்கு விடாமல், ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு லாபமென்றால் மற்றவருக்கு நஷ்டம் என்று கட்டுப்படுத்தினால், அதாவது எல்லோரையும் இரையும் வேட்டையாடியுமாக மாற்றினால், எல்லை 0.87 வரை தள்ளிப்போகிறது. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வலிமையைத் தாங்குகிறது. இரு தரப்புக்கும் லாபம் என்று மாற்றினால், எல்லோரும் எல்லோருக்கும் உதவும் உத்தமமான உலகத்தில், எல்லை 0.13-க்கும் கீழே விழுந்துவிடுகிறது. இது நியாயமில்லை என்றுதான் முதலில் தோன்றும். யோசித்தால் காரணம் வெளிப்படை. நான் வளர்ந்தால் நீ வளர்வாய், நீ வளர்ந்தால் நான் வளர்வேன் என்ற உறவில் ஏற்றத்தை நிறுத்த ஆளில்லை. இறக்கத்தை நிறுத்தவும் ஆளில்லை. இரை பெருகினால் வேட்டையாடி பெருகும், வேட்டையாடி பெருகினால் இரை குறையும். ஏறியது தானே இறங்க அங்கே வழி இருக்கிறது.

மே போட்ட கணக்கு தவறல்ல. அவர் வைத்தது குருட்டுத்தனமாக இணைத்த வலை. இயற்கை குருட்டுத்தனமாக இணைப்பதில்லை என்பதே அந்தக் கட்டுரை திறந்துவிட்ட கேள்வி: அப்படியானால் எப்படி இணைக்கிறது? கெவின் மெக்கானும் உடன் ஆய்வாளர்களும் 1998-ல் சொன்ன பதிலில் எனக்கு நம்பிக்கை அதிகம். நிஜ உணவு வலைகளில், யார் யாரைத் தின்கிறார்கள் என்ற பின்னலில், பெரும்பாலான இணைப்புகள் பலவீனமானவை. வலுவானவை ஒருசில. பலவீனமானவை சும்மா தொங்கிக்கொண்டிருப்பதில்லை. வலுவான ஜோடிகளின் ஊசலாட்டம் கட்டுமீறும்போது ஆற்றலைக் கொஞ்சம் வேறு பக்கம் கசியவிட்டு அடக்குகின்றன. இணைப்புகளின் எண்ணிக்கையைக் கூட்டி, சராசரி வலிமையைக் குறைத்தால் மேயின் சமன்பாட்டுக்குள்ளேயே இடம் கிடைத்துவிடுகிறது.

எந்தக் கணு முக்கியம் என்பதையும் இணைப்பை எண்ணிச் சொல்லிவிட முடியாது. ராபர்ட் பெய்ன் 1960-களில் அமெரிக்காவின் வடமேற்குப் பசிபிக் கரையில், அலை ஏறி இறங்கும் பாறைத் திட்டு ஒன்றில், காவி நிற நட்சத்திரமீன்களைத் தேடிப் பிடித்துக் கடலுக்குள் வீசி எறிந்தார். வந்தால் மறுபடி எறிந்தார். பக்கத்துத் திட்டை அப்படியே விட்டுவைத்தார். எறிந்த திட்டில் 15 இனங்கள் 8 ஆகச் சுருங்கின. மஸ்ஸல் சிப்பிகள் பாறையைப் பிடித்துக்கொண்டன. நட்சத்திரமீன் அங்கே எண்ணிக்கையில் பெரிய ஆள் அல்ல. அது சிப்பியைத் தின்று இடத்தைக் காலி செய்துகொண்டிருந்தது. அந்தக் காலி இடத்தில்தான் மற்றவை வாழ்ந்தன. ஆதார இனம் என்று இன்று சொல்லும் கருத்துக்குப் பெயர் கொடுத்தவரும் அவர்தான், 1969-ல்.

இதுவரை சொன்னதை வைத்து 'தளர்வு இருந்தால் போதும், விட்டுக்கொடுத்தால் போதும்' என்று முடிவுகட்டத் தோன்றும். 2003 ஆகஸ்ட் 14 அதைச் சிக்கலாக்குகிறது.

அன்று வட அமெரிக்காவில் சுமார் ஐந்து கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். தொடங்கியது ஒஹாயோ மாநிலத்தில். மதியம் 2.14 மணிக்கு ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மென்பொருள் சத்தமில்லாமல் செத்துவிட்டது. அது செத்ததே அங்கிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. 3.05-க்கு 345 கிலோவோல்ட் லைன் ஒன்று தாழ்ந்து தொங்கி, வெட்டாமல் விட்ட மரத்தில் பட்டு ட்ரிப் ஆனது. அப்போது அதில் ஓடியது அதன் திறனில் 44 சதவீதம்தான். அதன் சுமை அடுத்த லைன்களுக்குப் போனது. 3.32-க்கு இன்னொன்று, அதுவும் மரம். 3.41-க்கு மூன்றாவது, மறுபடி மரம். 345-ன் சுமை கீழே இருந்த 138 கிலோவோல்ட் லைன்கள்மேல் விழ, அவை வரிசையாகச் சரிந்தன. 4.05 கடந்து 57 வினாடிகள் ஆனபோது சாமிஸ்-ஸ்டார் என்ற லைன் விழுந்தது. அதில் மரமும் படவில்லை, கோளாறும் இல்லை. மின்னழுத்தம் தாழ்ந்து மின்னோட்டம் கூடியதைப் பார்த்த பாதுகாப்பு ரிலே (ஆபத்து என்று கண்டால் லைனைத் தானாகத் துண்டிக்கும் கருவி), எங்கோ ஷார்ட் ஆகிவிட்டது என்று எண்ணித் துண்டித்தது. அதுவரை ஓர் ஊர்ப் பிரச்சினையாக இருந்தது அதற்குப் பிறகு கண்டப் பிரச்சினை. அடுத்த ஏழெட்டு நிமிடத்தில் 265 மின்நிலையங்கள் நின்றுவிட்டன.

ஒவ்வொரு ரிலேயும் விட்டுக்கொடுக்கத்தான் செய்தது. லைன் கருகாமல் காப்பாற்றியது, கடமையைச் செய்தது. அங்கேயும் பின்வாங்கல், 1988-ன் இணையத்திலும் பின்வாங்கல். வித்தியாசம் எங்கே என்றால், பாக்கெட் அனுப்பும் அளவைக் குறைக்கும் கணினி மொத்தச் சுமையைக் குறைத்துக்கொண்டு விலகுகிறது. ட்ரிப் ஆகும் லைன் சுமையைக் குறைப்பதில்லை. அப்படியே பக்கத்து லைனின் தலையில் கட்டிவிட்டு விலகுகிறது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தொடங்கிய பிறகு எந்த வலைப்பின்னலைக் கண்டாலும் நான் கேட்பது இந்த ஒரு கேள்விதான்: இங்கே ஒரு கணு தாங்கமுடியாமல் கைவிடும்போது அதன் பாரம் எங்கே போகிறது?

மின்சாரத்திலும் நல்ல பின்வாங்கல் உண்டு. சில பகுதிகளுக்கு மின்சாரத்தை வேண்டுமென்றே நிறுத்திச் சுமையைக் குறைப்பது. கிளீவ்லாண்ட்-ஆக்ரன் வட்டாரத்தில் சாமிஸ்-ஸ்டார் விழும் முன் 1,500 மெகாவாட் சுமையைக் கழற்றிவிட்டிருந்தால் சரிவைத் தடுத்திருக்கலாம் என்று விசாரணை அறிக்கை சொன்னது. கடைசியில் இழந்தது 61,800 மெகாவாட். ஆனால் 3.50 மணிக்கு, எச்சரிக்கைத் திரை அமைதியாக இருக்கும்போது, லட்சக்கணக்கானோர் வீட்டில் நானாகவே மின்சாரத்தை நிறுத்துகிறேன் என்று பொத்தானை அமுக்கும் துணிச்சல் யாருக்கு வரும்? நிறுத்தியவர் பெயர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தடுக்கப்பட்ட பேரிருளை யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால்தான் இந்த முடிவை மனிதர் கையில் விடாமல், அலைவெண் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் தானாகவே சுமை கழலும் ஏற்பாட்டை மின்கட்டமைப்புகளில் வைக்கிறார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 28 விடிகாலையில் இத்தாலி இருண்டது; அதற்கும் தொடக்கம் ஸ்விட்சர்லாந்தில் ஒரு லைனும் ஒரு மரமும்தான். ஒரு வலை இன்னொரு வலையின் முதுகில் ஏறி நிற்கும்போது, மின்சாரத்தை நம்பித் தகவல்தொடர்பும் தகவல்தொடர்பை நம்பி மின்சாரமும் இருக்கும்போது, சரிவு இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவும் என்பதை 2010-ல் செர்கேய் புல்டிரெவும் குழுவினரும் கணக்காகக் காட்டினார்கள். தனியாக இருக்கும்போது மெல்லத் தேயும் வலை, இப்படிக் கட்டுண்டால் ஒரே அடியாகப் போய்விடுகிறது.

வங்கிகளைப் பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கு ஆசையில்லை. 2008 நிதி நெருக்கடியைப் பற்றி எழுதாதவர் யார். ஒன்றை மட்டும் சொல்லிக் கடக்கிறேன். 2011-ல் ஆண்ட்ரூ ஹால்டேனும், 1972-ல் எழுதிய அதே ராபர்ட் மேயும் சேர்ந்து வங்கி அமைப்பை உணவு வலையாகப் பார்த்து எழுதினார்கள். பின்னர் டாரன் அசெமோக்லுவும் உடன் ஆய்வாளர்களும் காட்டியது: அடர்த்தியாக ஒன்றுக்கொன்று கடன்பட்ட வலை சின்ன அதிர்ச்சியைப் பலர் தலையில் பரப்பிக் கரைத்துவிடும், அதிர்ச்சி ஓர் அளவைத் தாண்டினால் அதே அடர்த்தி எல்லோரையும் சேர்த்து இழுத்துப்போகும். பாரம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு 'எல்லோரிடமும் கொஞ்சம்' என்ற பதில் பாரம் சிறிதாக இருக்கும்வரைதான் ஆறுதல்.

சரி, இப்படி நிற்கும் அமைப்புகள் நிற்பதற்காகவே வளர்ந்தவையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சஞ்சய் ஜெயினும் சந்தீப் கிருஷ்ணாவும் 1990-களின் கடைசியிலிருந்து உருவாக்கிய ஒரு மாதிரி இதற்கு நல்ல சாட்சி. நூறு கணுக்கள். சில, வேறு சிலவற்றின் வளர்ச்சியைத் தூண்டும். ஒவ்வொரு சுற்றிலும் மிகவும் பின்தங்கிய ஒன்றை நீக்கிவிட்டு, ஏனோதானோ இணைப்புகளோடு புதிதாக ஒன்றைச் சேர்க்கவேண்டும். அவ்வளவுதான் விதி. நீண்ட நேரம் ஒன்றும் நடக்காது. தற்செயலாக ஒரு நாள், ஒன்றையொன்று தூண்டும் சிறு வளையம் மூடிக்கொள்ளும். அந்த வளையத்தில் இருப்பவை பின்தங்குவதில்லை, ஆகவே நீக்கப்படுவதில்லை. அதில் வந்து ஒட்டுபவையும் தப்பிக்கின்றன. வளையம் வேகமாகப் பரவி நூறையும் பிடித்துவிடுகிறது. நீக்குவதற்கு இனி வெளியாள் இல்லை. உள்ளேயே யாராவது கடைசியில் நிற்கவேண்டும். ஒரு நாள் நீக்கப்படுவது வளையத்தின் ஆதாரக் கணுவாக இருந்துவிட்டால், அல்லது புதிதாக வந்த ஒன்று வேறொரு வலுவான வளையத்தை மூடிவிட்டால், மொத்தமும் கவிழ்கிறது. பிறகு மறுபடி முதலிலிருந்து. எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் தனித்தனி விதி கிடையாது. வெளியிலிருந்து விண்கல் விழத் தேவையில்லை.

எனக்கு இதில் பிடித்தது, அது வெற்றியைச் சந்தேகிக்க வைக்கிறது என்பதுதான். எல்லா இடத்தையும் பிடித்துவிட்ட வலைக்கு இழக்க வெளியே எதுவும் மிச்சமில்லை. நாம் இன்று பார்க்கும் உணவு வலைகளும் மரபணு வலைகளும் நிற்காத எத்தனையோ ஏற்பாடுகள் உதிர்ந்தபின் மிஞ்சியவை. அவை தாங்கிப் பழகியது இதுவரை வந்த அதிர்ச்சிகளைத்தான். மனிதர் கட்டும் வலைகளுக்கு அப்படிச் சலித்தெடுப்பதும் போதிய காலம் நடக்கவில்லை; பல சமயம் முதல் பெரிய அதிர்ச்சியே முதல் சோதனையாக அமைந்துவிடுகிறது.

கவிழப்போவதை முன்கூட்டி அறிய முடியுமா என்பது இப்போது நான் அதிகம் படிக்கும் பகுதி. கோட்பாடு எளிமையானது: விளிம்பை நெருங்கும் அமைப்பு சின்ன அசைவிலிருந்து மீள அதிக நேரம் எடுக்கும். மீள்வது மந்தமானால், ஏற்ற இறக்கம் பெரிதாகும். இன்றைய நிலை நேற்றைய நிலையை அதிகம் ஒத்திருக்கும். சராசரி அப்படியே இருக்கும்போதே இவை மாறத் தொடங்கிவிடும். கண்காணிப்புத் திரைகளில் நாம் பெரும்பாலும் சராசரியைத்தான் வரைகிறோம் என்பது இங்கே உறுத்துகிறது. சராசரி நன்றாக இருக்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. ஒவ்வொரு சிறு தடங்கலிலிருந்தும் மீளும் நேரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டிருக்கும். அதை யாரும் வரைந்து வைப்பதில்லை.

ஸ்டீபன் கார்ப்பென்டரின் குழு இதை ஒரு முழு ஏரியிலேயே சோதித்தது. சிறு மீன்கள் ஆண்டுகொண்டிருந்த பீட்டர் ஏரியில் மூன்று ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வேட்டை மீன்களை விட்டார்கள். பக்கத்து ஏரியைத் தொடாமல் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொண்டார்கள். உணவு வலை முழுதாகத் தலைகீழாவதற்கு ஓராண்டுக்கும் முன்னரே அறிகுறிகள் தெரிந்ததாக 2011-ல் எழுதினார்கள். அறிகுறி தெரிந்து என்ன பயன், அதன்பின் செய்வதற்கு நேரம் இருக்குமா என்று கேட்கலாம், அவர்களே கேட்டார்கள். அதே ஏரியில் பின்னர் சத்துப்பொருட்களைக் கலந்துகொண்டே வந்து, நீலப்பச்சைப்பாசி பெருக வழி செய்தார்கள். அளவுகள் முன்பே குறித்துவைத்த வரம்பைத் தாண்டியதும் கலப்பதை நிறுத்திவிட்டார்கள். இன்னோர் ஏரியில் நிறுத்தாமல் தொடர்ந்தார்கள். 2017-ல் முடிவு வெளியானது: நிறுத்திய ஏரி சீக்கிரமே, ஒன்றும் கலக்காத ஏரியின் நிலைக்குத் திரும்பிவிட்டது. நிறுத்தாத ஏரியில் பாசி பெருமளவில் பூத்தது. வரம்பு எவ்வளவு என்பதைத் தண்ணீர் தெளிவாக இருக்கும்போதே எழுதிவைத்திருந்தார்கள், பொத்தானை அமுக்கும் நேரத்தில் யாரும் துணிச்சலைத் தேடவேண்டி வரவில்லை.